விருந்தோம்பலும் புலான்மறுத்தலும்

திருவள்ளுவனார் விருந்தோம்பலை இல்லறவியலில் 9-ஆம் அதிகாரமாகவும், புலான்மறுத்தலைத் துறவறவியலில் 26-ஆம் அதிகாரமாகவும் வைத்தருளினார். இவை தனித்தனியே நிற்குங்கால் தம்முள் யாதொரு முரணுமில்லை. ஒரு மனையின்கண், ஒரு பந்தியில், அடுத்தடுத்த இரண்டு இலைகளில் வந்து கூடுங்காலத்தேதான் முரண் தோன்றுகின்றது. ஊனுண்ணாதான் மனைக்கு ஊனுண்பான் விருந்தினனாய் வந்தால், அவன் விரும்பும் உணவை அளியாமை விருந்தோம்பற்கு இழுக்காமோ? ஊனுண்பான் மனைக்கு ஊனுண்ணாதான் சென்று, அன்போடு படைத்ததை விலக்குவது அன்புடைமைக்கு இழுக்காமோ? இவ்விரு வினாக்களும் சைவ நன்மக்கள் இல்லங்களில் இன்று நாள்தோறும் எழுவன. இவற்றிற்கு நூல்வழியும் வழக்குவழியும் விடை யாதென்பது ஈண்டு ஆராயப்படும்.

புலான்மறுத்தல் துறவறவியலில் வைக்கப்பட்டமையின் அது துறவிகட்கே உரியது, இல்லறத்தார்க்கு விலக்கன்று என்பாரும் உளர். அது பொருந்தாது. அவ்வதிகாரத்தில் நாயனார் கூறும் ஏதுக்களை நோக்குக. தின்பார் இலராயின் விலைக்கு ஊன் தருவாரும் இலராவர் என்பது அவற்றுள் ஒன்று. கடைத்தெருவில் விலைகொடுத்து வாங்குவோன் பெரும்பாலும் இல்லறத்தானே, துறவி அல்லன். ஆகவே ஏது இல்லறத்தானைச் சுட்டிநிற்க, விலக்கு மட்டும் அவனை விட்டொழியுமென்றல் எங்ஙனம் இயையும்? பிறர் கொன்ற ஊனைத் தின்பதிற் குற்றமில்லையென்னும் கொள்கையை, பௌத்தரை வாதில் எதிர்க்கும் நீலகேசி என்னும் சமண நூலும் இவ்வழியே மறுத்தொழிக்கின்றது.

இனி, இவ்வினா வெறும் ஏட்டு வினாவாக நில்லாது நிலத்தின்மேல் நிற்பதைக் காணவேண்டின் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை நோக்குதல் தகும். மேற்கே மலைத்தொடர்; நடுவே முல்லையாறு; 1895-இல் நிறைவெய்திய பெரியாற்றணையின் நீரால் விளையும் இருபோக வயல்கள்; சின்னமனூர்ப் பக்கத்து வாழைத்தோட்டங்கள். பந்தியிற் போடும் இலை அங்கே சைவ விருந்திற்கும் கறி விருந்திற்கும் ஒரே தோட்டத்திலிருந்து வருகின்றது. சைவ வேளாளர், கள்ளர், ஒக்கலிகர், இராவுத்தர், கிறித்துவர் எனப் பலதிறத்தாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். ஒருவர் வீட்டு மணவிழாவிற்கு மற்றவர் செல்லாதிருத்தல் இயலாது.

அப்பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில் இரண்டு இடங்கள் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் உரியன. ஒன்று, கருப்பணசாமி கோயிலையொட்டிய பாறை. அதன்மேல் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைத்துச் செதுக்கப்பட்டுள்ளன. அவை கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. உடனுள்ள வட்டெழுத்துச் சாசனங்களில், மதுரையைச் சூழ்ந்த மலைகள் பலவற்றிற் காணப்படும் அச்சணந்தி என்னும் ஆசாரியர் பெயர் காணப்படுகின்றது. எறும்பிற்கும் இரங்கிய கூட்டத்தார் தவஞ்செய்த பாறை இன்று கருப்பணசாமி பேரால் வழங்குகின்றது. கருப்பணசாமி என்றவுடன் கிடாவெட்டை நினைப்பது தென்பாண்டி நாட்டார் இயல்பு. இரு நெறிகளையும் அறிந்த நிலம் அது என்பதற்கு அப்பாறையினும் சிறந்த சான்று வேண்டா. மற்றோரிடம், ஞானாம்பிகை உடனுறை காளாத்தீசுவரர் திருக்கோயில். தென்காளத்தி என்று போற்றப்படும் அக்கோயிலின் பெயரே கண்ணப்ப நாயனாரை நினைப்பூட்டும். அந்நாயனார் திறம் பின்னர்க் கூறப்படும்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி இன்றியமையாததாகின்றது. தமிழ்நாட்டில் இன்று ‘சைவம்’ என்னும் சொல் உணவுக்கடைப் பலகையில் எழுதப்படும் சொல்லாயிற்று. பதி பசு பாசம் என்னும் முப்பொருளுண்மை கூறும் ஒரு சமயத்தின் பெயர், கத்தரிக்காய்க் குழம்பிற்கும் பருப்புச் சோற்றிற்கும் பெயராய் வழங்குகின்றது. வைணவரும் சமணரும் ‘சைவச் சாப்பாடு’ கேட்டு உண்கின்றனர். ‘அசைவம்’ என்னும் எதிர்மறைச் சொல் இதினும் வியப்புடையது. அச்சொல்லின்படி நோக்கின் ஆட்டுக்கறி சிவநிந்தையாதல் வேண்டும்! யாழ்ப்பாணத்தார் ‘மரக்கறி’, ‘மச்சம்’ எனவும், மதுரை தேனிப் பக்கத்தார் பேச்சில் ‘கவிச்சி’ எனவும் வழங்குவன இவற்றினும் தெளிவான சொற்கள். இவ்வழக்கால் சைவர்க்கு ஒரு பெருமையும் ஒரு தீங்கும் உண்டாயின. உயிர்க்கிரங்கும் உணவிற்குத் தம் சமயப் பெயரையே உலகம் இட்டது பெருமை. உணவொன்றனையே சைவமெனக் கொண்டு, திருநீறு ஐந்தெழுத்து முதலியவற்றையும், சரியை முதலிய நாற்பாதங்களையும் மறந்தமை தீங்கு. ஊனுண்ணாமை ஒன்றே பற்றித் தம்மைச் சைவரென்று தருக்கி, ஊனுண்ணும் மெய்யடியாரை இகழ்வார் இத்தீங்கிற்கு ஆளானோரேயாவர்.

இனிப் புலான்மறுத்தலின் அடிப்படை யாதென ஆராய்வோமாயின், அது தூய்மை பற்றியதோ அருள் பற்றியதோ என்பதே முதல் வினா. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில், மனம் வாக்குக் காயங்களால் உயிர்கட்கு நலஞ்செய்தலே நல்வினை, தீங்குசெய்தலே தீவினை என இருவினைக்கு இலக்கணம் வகுத்தனர். ஆகவே சித்தாந்திக்குப் புலான்மறுத்தல் உயிர்க்கு இதஞ்செய்தலின்பாற்பட்டது, உடம்பைக் கழுவுதலின்பாற்பட்டதன்று. தூய்மையை முதலாக வைத்தோர்க்கு ஊனுண்பவன் தீட்டுடையவனாய்த் தோன்றுவான். அருளை முதலாக வைத்தோர்க்கோ, வெட்டுண்ட உயிரும் உண்பவனாகிய உயிரும் ஆகிய இரண்டும் இரங்கத்தக்கனவாய்த் தோன்றும். பந்தியில் ஒழுகும் முறையெல்லாம் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறப்பது.

அற்றேல், ஆடு தன் பிராரத்த வினையால் இறந்தது. அதற்குரிய கருவியாய் நின்றவனுக்குப் பாவம் யாதெனின், அஃதன்று. நுகர்வான் வினை வேறு. செய்வான் கருத்து வேறு. ஆட்டின் வினை தொலைந்தமையால் வெட்டினவன் கருத்துத் தூயதாகிவிடாது. அவன் செய்கை அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். அவ்வாறு கொள்ளாவிடின் திருடனும் கொலைஞனும் இவ்விடையையே கூறித் தப்புவர்; நீதிமன்றங்களை மூடிவிடலாம்.

மரஞ்செடிகட்கும் உயிருண்டே, கீரை பறித்தல் கொலையாகாதோ என்பது மற்றொரு தடை. பந்தியில் ஊனுண்பவர் நகைத்துக்கொண்டு கேட்பதும் இதுவே. புல்லும் மரனும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியலே கூறுதலின் இத்தடையை நகைத்தே ஒழித்தல் கூடாது. இராமலிங்க அடிகள் சீவகாருணிய ஒழுக்கத்தில் இதனை எடுத்துக்கொண்டு, வித்து காய் கனி முதலியவற்றைக் கொள்ளுதல் நகமும் உரோமமும் களைதல் போல்வதென்று விடைகூறினர். அவ்விடை கனிக்கும் வித்திற்கும் நன்கு பொருந்தும். வேரோடு பிடுங்கும் கிழங்கிற்கு அத்துணைப் பொருந்தாது. உடம்பைத் தாங்குதற்கு இன்றியமையாத அளவில் துன்பங் குறைந்ததனைக் கொள்ளுதல் என்னும் அளவே ஈண்டுக் கூறத்தக்கது. அவ்வளவில் நிற்பவன், தான் ஒரு பாவமுமறியாதவன் என்று பந்தியில் நிமிர்ந்திருத்தற்கு இடமில்லை.

அதனினும் கூரிய தடைகள் உள. பால் கன்றின் பங்கு. கறவை வற்றிய பசுவும் காளைக்கன்றும் சந்தைக்குப் போய் எங்கே சேருமென்பது யாவரும் அறிந்தது. பட்டாடை ஒவ்வொன்றிற்கும் ஆயிரக்கணக்கான புழுக்கள் கூட்டோடு வெந்நீரிற் பட்டு மாய்கின்றன. அதனை உடுத்தே பூசையும் மணமும் நடைபெறுகின்றன. மிருதங்கத்தின் தோல் எவ்விடத்தது? ஊனுண்ணாதார் இவற்றை எண்ணாது விடுதல் நேர்மையாகாது. இவை புலான்மறுத்தலின் வலியைக் குறைப்பனவல்ல. அதன் எல்லை இலையோடு முடிவதன்று என்று உணர்த்துவன.

இனிக் கண்ணப்ப நாயனார் திறத்தை நோக்குவாம். உடுப்பூரில் நாகனென்பானுக்குப் பிறந்த திண்ணனார், காளத்திமலைமேற் குடுமித்தேவரைக் கண்டு, பன்றியிறைச்சியைத் தீயிற் காய்ச்சி, சுவை பார்த்துத் தேர்ந்து, தேக்கிலைக் கல்லையில் ஏந்தி வந்து படைத்தார். அங்கே ஆகமவழிப் பூசை செய்துவந்த சிவகோசரியார் மறுநாள் வந்து இறைச்சியையும் எலும்பையும் கண்டு நடுநடுங்கி, அவற்றை மாற்றி, முகலியாற்றில் நீராடிச் சுத்திசெய்து தம் பூசையை முடித்தார். இவ்வண்ணம் ஒரே இறைவர் திருமுன்னர், ஒருவர் அகன்றபின் ஒருவர் வந்து, இரு படையல்கள் நாள்தோறும் நடைபெற்றன. இறைவர் சிவகோசரியார் கனவிற்றோன்றி, வேடனது அன்பின் பெருமையை உணர்த்தி, ஒளித்திருந்து காணுமாறு பணித்தனர். ஆறாம் நாள் நாயனார் தம் கண்ணை இடந்து அப்பினமை யாவரும் அறிந்தது.

இவ்வரலாற்றைக் காட்டி, இறைவரே ஊனை ஏற்றமையால் ஊனுணவு சைவத்திற்கு உடம்பாடென்பார் உளர். அவர் இதனுள் நடவாத இரண்டனை நோக்கவில்லை. இறைவர் திண்ணனாரை இகழ்ந்து விலக்கவில்லை, அஃதொன்று. சிவகோசரியாரை நோக்கி, ‘இனி நீயும் ஊன் படை’ என்றோ, ‘நின் சுத்தி வீண்’ என்றோ கூறவுமில்லை, அஃது மற்றொன்று. விதியறியாத அன்பு விதியறிந்த பூசைக்கு மேலாயிற்று. ஆயினும் ஊன் விதியாகவில்லை. பிற்காலத்து எந்தச் சைவாசாரியரும் அதனை விதியாக்கவுமில்லை. சிவகோசரியாருக்கு மறுப்புரையாக ஒரு வாதமும் சொல்லப்படவில்லை என்பதும் கருதற்பாலது. ஒளித்திருந்து பார் என்பதே அவர்க்கு வந்த கட்டளை. அயலான் இலையில் இருப்பதை வெறுப்பவன், அவ்விலையை இட்ட கையின் அன்பைக் காணுமளவும் பொறுத்திருத்தல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றையும் சிலர் எடுத்துக்காட்டி, அதிதி கேட்டது எதுவாயினும் அளித்தல் வேண்டுமென்பர். அது வன்றொண்டு, இறைவர் ஒரோவொருவரிடத்துக் காட்டிய திருவிளையாடல். சமைத்த கறி மறைந்து பிள்ளை உயிரோடு ஓடிவந்த இடத்தை விட்டுவிட்டு, கறி சமைத்த இடத்தை மட்டும் விதியாக்குதல் தகாது. இல்லறத்தார் பின்பற்றற்குரிய விருந்து இளையான்குடிமாற நாயனாருடையது. மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியார்க்கு, விதைத்த நெல்லை வாரிவந்து சோறும், குழியிற் கிடந்த கீரையைப் பறித்துப் பலவகைக் கறியமுதும் ஆக்கி அளித்தனர் அந்நாயனாரும் மனைவியாரும். இருந்ததெல்லாம் கொடுக்கப்பட்டது, இல்லாததைக் கொடுக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையிலும், வழிச்செல்லும் பாணர்க்கு எயினர், ஆயர், உழவர், அந்தணர் எனும் ஒவ்வொருவரும் தத்தம் மனையில் உள்ளதையே அளித்தனரன்றி, பாணர் சுவைக்குத் தம் அடுக்களையை மாற்றினாரல்லர். ஆகவே முதல் வினாவிற்கு விடை இது: விருந்தினனுக்கு உரியது பசி தீர்தலும் முகமலர்ச்சியும். ஊன் சமைத்து இடாமை விருந்தோம்பற்கு இழுக்கன்று. உள்ளதைக் குறைத்து இடுதலும், முகஞ் சுளித்து இடுதலுமே இழுக்கு.

இராமலிங்க அடிகள், கொலையும் புலையும் உடையாரைப் புறவினத்தார் என்று கூறியதைப் பலர் மேற்கோள் காட்டுவர். அதனையடுத்து, அவர்க்கும் பசி தவிர்த்தல் செய்க என்று அவர் விதித்ததை எடுத்துரைப்பார் சிலரே. 1867-இல் வடலூரில் அவர் நிறுவிய தருமச்சாலையில் பசித்து வந்தாரை நீ யாது உண்பவன் என்று கேட்டு இலையிடுவதில்லை.

தமிழ்நாட்டில் ஊனுண்ணாதார் மிகச் சிலர். 2014-ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த கணக்கின்படி, இந்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 97 பேர்க்குமேல் ஊனுண்பவர். ஆயினும் அவர் சைவ உணவிற்கு அயலாரல்லர். பள்ளத்தாக்கிலும் பிறவிடத்தும் ஊனுண்ணும் குடும்பத்தாரே மணநாளிற் சைவ விருந்திட்டு, கறி விருந்தைப் பின்னொரு நாளில் வைக்கின்றனர். வீரபாண்டிக் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க நோன்பிருப்போரும், குமுளி வழியாகச் சபரிமலை செல்ல மாலையிட்டோரும் அந்நாட்களில் ஊன் தொடார். நற்காரியத்திற்கு உரியது எவ்வுணவென்று அவர் உள்ளம் அறியும். இவ்வறிவை நட்போடு வளர்த்தல் எளிது. பழித்துக் கெடுத்தலும் எளிது. உயிர்ப்பலியைத் தடுத்து 1950-இல் இயற்றப்பட்ட சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் இருந்தது. 2003-இல் அதனைக் கண்டிப்பாகச் செலுத்தப் புகுந்தவுடன் நாட்டுப்புறக் கோயில்களிற் பெரும் மனக்கசப்பு விளைந்தது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அருளைச் சட்டத்தாற் புகுத்துதல் அரிதென்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

இனி மனைக்குரிய ஒழுக்கத்திற் சில கூறுதும். சைவ மனையில் ஊனுண்பான் விருந்தினனாயின், அவனுக்குத் தனிமூலையில் இலையிடுதல் கூடாது. அவன் எழுந்தபின் அவன் காணவே அவ்விடத்திற்கு மட்டும் சாணநீர் தெளித்தல் கொடுமையினுங் கொடுமை. உண்ணும்பொழுது உயிர்க்கொலையின் தீமையை விரித்துரைத்தல் நாகரிகமன்று. கேட்பவன் வாயில் உங்கள் சோறு இருக்கின்றது, மறுமொழி கூற அவனுக்கு வாயில்லை. வாதஞ்செய்ய விரும்பின் தாம்பூலந் தரித்தபின் செய்யலாம்.

ஊனுண்பார் மனையில் விருந்து ஏற்பவன் தன் விரதத்தை முன்னரே அறிவித்தல் வேண்டும். பந்தியில் அமர்ந்தபின் அறிவித்து வீட்டாரைத் தவிக்கவிடுதல் தவறு. மூக்கைப் பொத்துதலும் தவறு. அவ்வாறே அழைத்தவன், ‘துண்டை விலக்கிவிட்டுக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்ளலாமே’ என்று வற்புறுத்தலும், ஒரே அகப்பையை இரண்டு குழம்பிலும் இடுதலும், அறியாமற் கலந்திட்டுப் பின்னர் நகைத்தலும் தகாதன. கடைசியிற் கூறியது விளையாட்டன்று, விரதபங்கம். கிடாவிருந்து வைப்பார் பலர் சைவப் பந்தியைத் தனியே வைத்து, அதற்குச் சைவச் சமையற்காரரையும் தனியே அமர்த்துகின்றனர். அந்நல்வழக்கம் பாராட்டத்தக்கது.

பாத்திரம் பற்றிய ஐயம் ஊனுண்ணாதாருள்ளேயே பிணக்கிற்கு ஏதுவாகின்றது. கழுவித் துலக்கிய எவர்சில்வர்க் கலத்தில் உண்பதனால் ஓருயிரும் புதிதாக மாயாது. ஆகவே அது கொல்லாமைக்கு மாறன்று. தீட்சைபெற்றுச் சிவபூசை எழுந்தருளப்பெற்றவர் அதனையும் விலக்குவராயின், அஃது அவர் பூசைக்குரிய ஆசாரம், மதிக்கத்தக்கதே. ஆயின் ஆசாரத்திற்கு அருளென்று பெயரிடாதிருத்தல் நன்று.

தனி இலை என்பது தனிப் பந்தியாய், தனிப் பந்தி பிறப்பு வேற்றுமையாய் மாறிவிடும் இடம் மிக வழுக்குடையது. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்கு வேறாக உணவிட்டமை பற்றி 1925-ஐ ஒட்டி எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டையே கலக்கியது. அங்கே புலால் வினாவாக எழவில்லை, பிறப்பே வினாவாயிற்று. இலையில் இடுவது வேறாகலாம், பந்தி வேறாகலாகாது என்பதே சித்தாந்திக்கு இயைந்தது. திருநீலநக்க நாயனார் தம் மனையில், திருஞானசம்பந்தப் பெருமான் பணித்தவாறு, திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கு வேள்வித்தீ வளர்க்கும் வேதியருகே இடமளித்தார். அத்தீ வலஞ்சுழித்து ஓங்கிற்றென்று திருத்தொண்டர் புராணம் கூறுகின்றது.

மறுத்தலை எவ்வாறு செய்வதென்பதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சியொன்றும் உண்டு. காந்தியடிகள் இலண்டனிற் படித்த இளமைக்காலத்தில் நண்பரொருவர் அவரை ஹோல்பர்ன் என்னும் பெரிய உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு வைத்த வடிசாற்றில் ஊன் உண்டோ என்று பரிமாறுவோனை அவர் வினவப் புக, நண்பர் சினந்து, நாகரிகர் அவைக்கு நீ ஏலாய், வேறிடத்தில் உண்டு வெளியே காத்திரு என்றனர். அடிகள் ஒன்றும் கூறாது எழுந்து சென்றார். அருகிருந்த மரக்கறி உணவகம் அடைத்திருந்தமையால் அன்றிரவு பட்டினி கிடந்தார். பின்னர் அந்நண்பரோடு நாடகமும் பார்த்தார், இருவரும் நடந்ததைப் பேசவில்லை, நட்புக் கெடவுமில்லை. தாய்க்கு அளித்த வாக்கும் நின்றது.

கம்பம் பள்ளத்தாக்கில் இவையெல்லாம் ஒருங்கு கூடும் நாள் மாசிச் சிவராத்திரி. அன்றிரவு சைவர் உணவும் உறக்கமும் ஒழித்து நாற்சாமப் பூசை காண்பர். அதே இரவில் பல குடும்பத்தார் குலதெய்வக் கோயிலிற் கூடி விழித்திருந்து, மறுநாட் கிடாவெட்டிப் பொங்கலிடுவர். இரு சாராரும் ஒரே தெருவினர். இருவரும் விழித்தது ஒரே இரவு. மறுநாள் மாலையில் கோயிற் பங்கு அயல் வீடுகட்குப் போகும். பங்கில் ஊன் இருக்கக்கண்ட சைவ மனையார், தேங்காயையும் பழத்தையும் திருநீற்றையும் கண்ணிலொற்றி ஏற்றுக்கொண்டு, ஊனை இன்சொல்லோடு திருப்பியனுப்புதல் அமையும். வாங்கிவைத்து மறைவில் எறிதல் அனுப்பினோரை இகழ்தலாகும். நெடுநாட் பழகிய அயலார்க்கு இதுவும் வேண்டுவதில்லை. அவர் ஊன் தொடுமுன்னரே அவ்வீட்டுப் பங்கைப் பிரித்து, தனித்தட்டில் வாழையிலை விரித்து, தேங்காய்மூடியும் இரண்டு பழமும் திருநீற்றுப் பொட்டலமும் வைத்து, சிறுபிள்ளை கையிற் கொடுத்தனுப்பிவிடுவர்.